உப்பு ஜக், எலுமிச்சை ஜக்

அத்தியாயம் ஐந்து

"வயித்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"நாலு ரொட்டி, ரெண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் பயம்," என்றான் ரேடியோ.

"போதும். இன்னிக்கு நீதான் சாட்சி."

"நானா?"

"நீ இல்ல. உன் வயிறு."

ரேடியோ தன் வயிற்றை ஆதரவாகத் தடவிக்கொண்டான். நாற்பது வயதில் அவன் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து அது. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாய் ஓயாததால் வீட்டார் வைத்த பெயர்தான் நிலைத்தது. அண்ணி, அவனுடைய அண்ணன் மனைவி. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க்காயக்காரர்களையும் செத்துப் பிழைத்தவர்களையும் பிடித்துப் பிடித்துக் கை பழகி, பிறகு தானே ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். கொழுந்தனை உதவிக்கு வைத்துக்கொண்டது அவள் விருப்பமில்லை. "அவன் வீட்ல இருந்தா என் காது போயிடும், உன்கூடவே கூட்டிட்டுப் போயிடு" என்று புருஷன் கையெடுத்துக் கும்பிட்டதால் வந்த வினை.

அவர்கள் நின்றிருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து கலக்கும் அறை. எதிரே கவலையோடு சின்ன டாக்டர். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது. அவளுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நர்ஸ் சிஸ்டர்.

"தம்பிக்கு ஒரு தடவை புரியும்படி சொல்லிடுங்க டாக்டர்," என்றாள் அண்ணி. "இல்லேன்னா உள்ள போய் அவனே ஒரு கதை கட்டிடுவான்."

சின்ன டாக்டர் சொன்னாள்:

"குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னா, குடல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் பேதி மருந்து. பழைய மருந்து உப்புக் கரிக்கும். பாதிப் பேர் பாதியில வெச்சுடுவாங்க. அதனால எலுமிச்சை ருசியில புதுசா ஒண்ணு. எது நல்லா சுத்தம் பண்ணுதுன்னு பாக்கறதுதான் என் ஆராய்ச்சி."

"யாருக்கு எது?"

"கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். சிஸ்டர் கலக்கி, ஒரே மாதிரி மூடி போட்ட ஜக்குல ஊத்தி, ஹால்ல வெச்சுட்டு உடனே திரும்பிடணும். நின்னா, அவங்க முகத்தைப் பாத்தே நோயாளி எதையாவது யூகிச்சுடலாம். பெரிய டாக்டர் கேமரா விட்டு, சுத்தத்துக்கு மார்க் போடுவார். யார் எதைக் குடிச்சாங்கன்னு அவருக்குத் தெரியக் கூடாது. அதனால ஹால் பக்கம் அவர் காலே வைக்கக் கூடாது. நானும் போய் ருசி எப்படின்னு விசாரிக்கக் கூடாது."

"ஆக, தெரிஞ்சவங்க பாக்கக் கூடாது, பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது," என்றான் ரேடியோ. "எங்க அண்ணன் ஒளிச்சு வெச்சுத் திங்கிற பிஸ்கட் மாதிரி."

சின்ன டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "பழைய கட்டடத்துல ஆளுக்கொரு ரூம். எலுமிச்சை நல்லா முந்திப் போச்சு. புது ஹாலுக்கு எல்லாரையும் சேர்த்து மாத்தினோம். அன்னையிலேருந்து உப்புக்கும் எலுமிச்சைக்கும் ஒரே மார்க். பெரிய டாக்டர், சிஸ்டர்தான் பாக்கெட்டை மாத்தி மாத்திக் கலக்கறாங்கன்னு முடிவு கட்டிட்டார். மதியம் கூட்டம். ஆராய்ச்சியை மூடிட்டு, சிஸ்டரையும் வீட்டுக்கு அனுப்பப் போறார்."

"நான் மாத்தலைங்க," என்றாள் சிஸ்டர். பல பேரிடம் சொல்லிச் சொல்லி அந்த ஒரு வார்த்தையும் தேய்ந்துபோயிருந்தது. கேட்க ரேடியோவுக்கே என்னவோ போல் இருந்தது.

"அண்ணி, இதுல துப்பு துலக்க என்ன இருக்கு?" என்று அவன் காதோரம் குனிந்தான். "வாசல்ல டை கட்டிக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான் பாத்தீங்களா? உப்பு மருந்துக் கம்பெனி விற்பனையாளன். எலுமிச்சை ஜெயிச்சா அவன் பொழப்பு நாறிடும். அவன்தான். முடிஞ்சது கேஸ். கிளம்பலாமா?"

"எலுமிச்சை மார்க் இறங்கியிருக்கு, சரி. உப்பு மார்க் என்ன ஆச்சு டாக்டர்?"

"அது ஏறியிருக்கு."

"எவ்வளவு?"

"இது எவ்வளவு இறங்குச்சோ, அவ்வளவு."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். "கேட்டியா? கெடுக்க வந்தவன் எலுமிச்சையைக் கெடுப்பான். ஒருத்தர்கிட்ட எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்து, ரெண்டையும் நடுவுல கொண்டாந்து நிறுத்த மாட்டான். இது பொறாமைக்காரன் கை இல்லடா. பங்கு போடற கை."

"சிஸ்டர் பாக்கெட்டை மாத்தினாலும் இப்படித்தானே ஆகும்?"

"அதுக்குத்தான் உன் வயிறு. சிஸ்டர், இவனுக்கு ஒரு ஜக். உள்ள வெறும் தண்ணி. என் கண் முன்னாடி ஊத்துங்க, நானே கொண்டுபோய் வைக்கிறேன். வெறும் தண்ணியைக் குடிச்சவன் பாத்ரூமுக்கு ஓடினா, தப்பு இந்த ரூம்ல நடக்கலை, ஹால்ல நடக்குது. ஓடாம உக்காந்திருந்தா..."

அவள் முடிக்கவில்லை. சிஸ்டர் ஏற்கெனவே குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

"நல்லா ஓடுவாருங்க," என்றாள், முதல் முறையாகக் கொஞ்சம் உயிரோடு.

"பக்கத்துல இருக்கிறவருக்கு மருந்து குறைஞ்சா நான் சரிபண்ணிக் குடுத்துடுவேன்," என்றாள் சின்ன டாக்டர்.

"எனக்குக் கூடினா?" என்றான் ரேடியோ. சிஸ்டர் அவனிடம் ஒரு பச்சை அங்கியை நீட்டினாள்.

*

ஹாலில் சாய்வு நாற்காலிகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு சின்ன மேஜை. மேஜை மேல் இரண்டு மூடி ஜக், இரண்டு கோப்பை. பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரே களை: பசியும், வரப்போவதை நினைத்த விசாரமும். மஞ்சள் ஏப்ரன் கட்டி, முகமூடி போட்ட தொண்டர்கள் இரண்டு பேர், ஒருத்தி ஒல்லி, ஒருத்தி கொஞ்சம் பூசின உடம்பு, தலையணை சரிசெய்வதும் ஆறுதல் சொல்வதுமாக நடமாடினார்கள்.

ரேடியோவும் பச்சை அங்கியில் இருந்தான். அந்த அங்கிக்கு முன்பக்கம் மட்டும்தான் மனசு இருந்தது. பின்பக்கத்தைப் பற்றித் தைத்தவனுக்கு அக்கறையே இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். மீசையைத் தடவிக்கொண்டே, "முதல் தடவையா தம்பி?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"மலைப்பாதையில பிரேக் இல்லாம இறங்கியிருக்கேன். இதுக்கு அது தேவலை."

ரேடியோ தன் ஜக்கிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தான். சுத்தமான தண்ணீர். அண்ணிக்குக் கேட்கும்படி மனசுக்குள் ஒரு தகவல் அனுப்பினான்: இதுவரை ஒன்றுமில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. டை கட்டிய விற்பனையாளன்! அக்கம்பக்கம் பார்த்தான். பூனை மாதிரி நடந்து ஹாலின் கடைசிக்குப் போனான். அங்கிருந்த திரைக்குப் பின்னால் மறைந்தான்.

"சிக்கினான்டா!" என்று ரேடியோ குதித்து எழுந்தான். அண்ணியின் கணக்கு ஒரு தடவையாவது தப்பாகி, தன் கணக்கு சரியாகி, அதை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விவரிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் திரையை விலக்கினான்.

விற்பனையாளன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெளியில ஒரு பிளக் கூட வேலை செய்யலைங்க," என்றான் பரிதாபமாக. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க கம்பெனி மருந்தைக் குடிக்கிறவங்க முகத்தை நேர்ல பாக்கக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்."

"ஏன்?"

"பாத்தா அப்புறம் விக்க மனசு வராதாம்."

ரேடியோ தொங்கிய முகத்தோடு நாற்காலிக்குத் திரும்பினான். ஏமாற்றத்தில் தொண்டை வறண்டிருந்தது. மேஜை மேல் இரண்டு கோப்பையும் யாரோ ஊற்றி வைத்தாற்போல் நிரம்பியிருந்தன; தன்னுடையதை எடுத்து மடமடவென்று விழுங்கினான்.

கடல். சாட்சாத் கடல். அதுவும் எலுமிச்சம்பழம் பிழிய மறந்த கடல்.

"என்னங்க இது!" என்று துள்ளினான். "நான் போகும்போது வெறும்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "வேற மாதிரி இருந்துச்சே!"

லாரி டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க தம்பி. அமைதியா குடிங்க. இந்த ஹால்ல இதுதான் ஏற்பாடு."

"என்ன ஏற்பாடு? யார் பண்ணது?"

"பாதி உங்களுது எனக்கு, பாதி என்னுது உங்களுக்கு. எல்லா ஜோடிக்கும் அப்படித்தான். ஒருத்தர் மட்டும் ஏன் கஷ்டப்படணும்?" அவர் மீசையை முறுக்கிக்கொண்டார். "யார்னு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டோம். நல்ல மனசுக்காரங்களைக் காட்டிக் குடுக்கற பழக்கம் எனக்கு இல்ல."

ரேடியோ சுற்றிலும் பார்த்தான். பச்சை அங்கிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் கூரையைப் பார்த்தார்கள். ஒரு ஹால் முழுக்கக் கூட்டுக் களவாணிகள்! அதிலும் ஒருவர் முகத்திலும் குற்ற உணர்ச்சி இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்குச் சோறு தள்ளிவிட்டவர்கள் போல் நிம்மதியாக இருந்தார்கள்.

சும்மா விடுவானா? இரண்டு ஜக்கின் மூடியையும் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்ததை மனதில் பதித்துக்கொண்ட அதே நேரத்தில், நாலு ரொட்டியும் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் அவனுக்குள் ஊர்வலம் கிளம்பின. இன்னொரு வாய் குடித்தால் ருசி பார்த்து உறுதி செய்யலாம் என்று நினைத்து, கடமைக்காக இன்னொரு கோப்பையும் குடித்தான். கடமை அவனை அதிக நேரம் உட்கார விடவில்லை.

*

"அண்ணி, சாட்சி ஆஜர்," என்றான் போனில். குரல் எதிரொலித்தது.

"எங்கேருந்து பேசறே?"

"கேக்காதீங்க. சாட்சி வாக்குமூலம் குடுத்துட்டே இருக்கார். நிறுத்தவே மாட்டேங்கறார்."

"சிஸ்டர் தப்பிச்சாங்க," என்றாள் அண்ணி. அவள் மூச்சு விடுவது கேட்டது. "யாருன்னு பாத்தியா?"

"ஊஹும். நான்... வேற ஒரு முக்கியமான தடயத்தைத் தொரத்திட்டுப் போயிருந்தேன்."

"டை."

"சார்ஜர்," என்று திருத்தினான் ரேடியோ.

"யாருன்னு சொல்லாட்டி பெரிய டாக்டர் நம்ப மாட்டார். பக்கத்துல இருக்கிறவரே மாத்திட்டாருன்னு சொல்லி மூடிடுவார். நல்லா யோசி. ஜக்கைத் திறந்து பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டும் சமம்."

"ஏறக்குறைய சமமா?"

"அச்சு சமம் அண்ணி. நான் முதல்லயே ஒரு கோப்பை குடிச்சிருந்தேன், அவர் தொடவே இல்ல. ஆனாலும் ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குது. ஸ்கேல் வெச்சா கூட அப்படி வராது."

"நோயாளிங்க மாத்திக்கிட்டா உத்தேசமா ஊத்துவாங்க," என்றாள் அண்ணி. "கண்ணளவுல ஒரு சொட்டு பிசகாம ஊத்தற கை வேற. பக்கத்துல ரெண்டு பேர் நின்னு, 'அவனுக்குத்தான் ஜாஸ்தி, அவனுக்குத்தான் ஜாஸ்தி'ன்னு வருஷக்கணக்கா கத்தினாத்தான் அந்தக் கை வரும். நீ முடிச்சுட்டு ஹாலுக்கு வா."

"எப்ப முடியும்னு சாட்சியைத்தான் கேக்கணும்."

*

சுவரைப் பிடித்துப் பிடித்து ரேடியோ ஹால் கதவுக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு சாக்லேட் கட்டி. பக்கத்தில் சின்ன டாக்டரும் சிஸ்டரும்.

"காலையிலேருந்து நிக்கிறீங்க," என்றாள் மஞ்சள் ஏப்ரன்காரிகளிடம். "ஒண்ணுதான் இருக்கு. ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்க. முதல்ல நீங்க உடைங்க."

ஒல்லியானவள் முகமூடியை இறக்கினாள், உடைத்தாள், கைக்கு வந்ததை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை நீட்டினாள். அது பாதிகூட இல்லை.

"அச்சச்சோ, உங்களுக்குக் கொஞ்சமா போச்சே," என்று அண்ணி தன் பையில் கைவிட்டு இன்னொரு கட்டியை எடுத்தாள். "இதை நீங்க உடைங்க."

பூசின உடம்புக்காரி அதை வாங்கினாள். உடைத்தாள். இரண்டு துண்டையும் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு துண்டில் துளி அதிகம் என்று பட்டது. ஓரத்தை நகத்தால் கிள்ளினாள். மறுபடி பார்த்தாள். திருப்தி. பிறகு இரண்டையும் ஒல்லிக்காரியிடம் நீட்டி, "நான் உடைச்சேன், நீங்க முதல்ல எடுங்க," என்றாள்.

"ரெட்டைப் பிள்ளைங்களா?" என்றாள் அண்ணி மெல்ல.

அவள் கண்கள் மலர்ந்தன. "எப்படித் தெரியும்? ரெண்டும் பசங்க. இப்ப வளந்து..." பாதியில் நிறுத்தினாள். அண்ணியின் பார்வை மேஜை மேல் இருந்த ஜக்குகளுக்குப் போய்விட்டு அவளிடம் திரும்பியிருந்தது.

லாரி டிரைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க! நான்தான் மாத்தினேன்!"

"நான்தான்," என்றது இன்னொரு பச்சை அங்கி.

"இல்ல, நான்!"

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. ரேடியோவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் உள்ளே வந்தார்.

"டாக்டர்! நீங்க இங்க வரக் கூடாது!" என்று சின்ன டாக்டர் பதறினாள்.

"ஆராய்ச்சியே முடியப்போகுது, இனிமே நான் எங்க வந்தா என்ன? கூட்டத்துக்கு நேரமாச்சு. சிஸ்டர், உங்க சாவியை..."

சாவிக்குக் கை நீட்டியவர், சாக்லேட்டுக்காக முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்த பூசின உடம்புக்காரியைப் பார்த்தபடி நின்றார்.

"நீயா?" என்றார். "நீ இங்க என்ன பண்றே?"

"தொண்டு," என்றாள் அவள், சின்னக் குரலில். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிப் பக்கம் வராதேன்னு நீங்க சொன்னதால சொல்லலை. நீங்கதான் இந்த ஹாலுக்கு வரவே மாட்டீங்களாமே."

"டாக்டருக்கு இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"பழக்கம்னு சொல்லலாம்," என்றான் ரேடியோ சுவரிலிருந்து. "ஒரே வீட்டுச் சாப்பாடு."

அண்ணி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சிஸ்டர் ஊற்றிய வெறும் தண்ணீர், அது ஹாலில் மருந்தான அதிசயம், அதற்கு உயிருள்ள ஆதாரமாகச் சுவரில் சாய்ந்திருக்கும் கொழுந்தன். பெரிய டாக்டரின் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது.

"ஏன்?" என்றார் மனைவியிடம்.

"பின்ன என்னங்க? பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தர் சப்புக்கொட்டிக் குடிக்கிறார். இன்னொருத்தர் மூஞ்சியைக் கோணிக்கிட்டுக் கண்ணுல தண்ணி விடறார். அதைப் பாத்துட்டு சும்மா நிக்கணுமா? ஆளுக்குப் பாதி குடிச்சா ரெண்டு பேருக்கும் தாங்கும். எதுவும் வீணா போகலை. யாருக்கும் கெடுதல் பண்ணலையே?"

பதில் சொல்ல வாய் திறந்த கணவரை முந்திக்கொண்டு சின்ன டாக்டர் அவள் அருகே வந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்த ரேடியோவுக்கு ஆச்சரியம். அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, குடல்ல கடுகு அளவுக்கு ஒரு கட்டி இருக்கும். ஆரம்பத்துலயே பாத்து எடுத்துட்டா ஆள் பொழைச்சுக்குவார். குடல் சரியா சுத்தமாகாட்டி அது கண்ணுல படாது. எலுமிச்சை குடிச்சவங்க நல்லா சுத்தமாயிட்டிருந்தாங்க. உப்பைக் கலந்ததும் அவங்களும் முழுசா குடிக்காம வெச்சுட்டாங்க."

அந்த அம்மா லாரி டிரைவரைப் பார்த்தாள். வரிசையாக இருந்த பச்சை அங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் நீர் முட்டியது.

"யாருக்காவது அப்படி...?"

"மார்க் குறைஞ்சவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கறோம். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றாள் சின்ன டாக்டர். "ஆனா ஆராய்ச்சியை இப்ப மூடிட்டா, எல்லாருக்கும் இனிமே உப்புதான்."

பெரிய டாக்டர் யாரையும் பார்க்காமல் ஜக்கை முறைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் அந்த மருந்தைப் பத்தி இவ்வளவு அழுதா எப்படி?" என்று முணுமுணுத்தார். "காலம் காலமா குடுத்திட்டிருக்கோம். அப்படி என்ன கசப்பு?"

"கசப்பு இல்லைங்க, கரிப்பு," என்றாள் சிஸ்டர்.

"நீங்க குடிச்சுப் பாத்ததே இல்லையா டாக்டர்?" என்றாள் அண்ணி.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அதுவே பதிலாகப் போயிற்று. சிஸ்டர் சாவிக் கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். ஒரு கோப்பையோடு திரும்பி வந்தாள். வாயில் வைக்காமலே தெரிந்தது, எலுமிச்சை சேராத சுத்த உப்பு என்று. அவர் முன்னால் நீட்டினாள்.

ஒரு ஹால் நிறையப் பச்சை அங்கிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? பெரிய டாக்டர் கோப்பையை வாங்கினார். முதல் வாய் இறங்கியது. புருவம் ஏறியது. இரண்டாவது வாயில் கழுத்து உள்ளே போய்த் தோள் மேலே வந்தது. மூன்றாவதை விழுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்," என்றார் லாரி டிரைவர், உண்மையான அனுதாபத்தோடு.

பெரிய டாக்டர் இருமினார். குரலைத் தேடிப் பிடித்தார். "இந்த ஹால்ல குடிச்சவங்க கணக்கைத் தனியா எடுத்து வைங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க," என்றார் சின்ன டாக்டரிடம். "பழையபடி ஆளுக்கொரு ரூம். கூட்டத்துல நான் பேசிக்கறேன். ஆராய்ச்சி நடக்கட்டும்."

சின்ன டாக்டர் நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். அது யாரோ ஒரு நோயாளியின் நாற்காலி. அவர் மறுப்பே சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார்.

பெரிய டாக்டர் மேஜையிலிருந்த சாவிக் கொத்தை எடுத்தார். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சிஸ்டரிடம் நீட்டினார்.

"நாளைக்கும் நீங்களே கலக்குங்க," என்றார். "நான் சொன்னதெல்லாம்... தப்பு. மன்னிச்சுக்கங்க."

சிஸ்டர் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கையிலிருந்த கோப்பையை எட்டிப் பார்த்தாள்.

"சரிங்க டாக்டர்," என்றாள். "மீதியையும் குடிச்சுடுங்க. பாதியில வெச்சா மார்க் குறையும்."